சவேலியோவும் சாலையின் வலது பக்கமும்

சவேலியோவுக்கு எதைப் பற்றியும் கருத்து உண்டு. எங்கள் ஊரிலிருந்து தீவின் தலைநகரான அப்பியாவின் சந்தைக்குப் போகும் பஸ் அவனுடையது. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ரக்பி அணியில் யாரை எடுக்க வேண்டும், பிரசங்கம் ஏன் நீளுகிறது, சேப்பங்கிழங்கை யார் யாருக்கு விற்கக் கூடாது என்று சந்தை வரும்வரை தீர்ப்பு வழங்கிக்கொண்டே வருவான். இடமில்லாமல் அடுத்தவர் மடியில் உட்கார்ந்திருப்பவர்கள் தப்பிக்கவா முடியும்? கேட்டுத்தான் ஆக வேண்டும். அவன் என் அக்கா சூலியாவின் கணவன் என்பதால் நான் வீட்டிலும் கேட்க வேண்டியிருந்தது.

இந்தக் கருத்துகளெல்லாம் அவனுக்கு இரண்டே இடங்களிலிருந்து வந்தன. ஒன்று, வீடியோவில் பார்த்த அமெரிக்கச் சண்டைப் படங்கள். இன்னொன்று, அவனுடைய தாத்தா. நியூசிலாந்துக்காரன் எங்களை ஆண்ட காலத்தில், எங்கள் ஆட்கள் வெள்ளைக் கோடு போட்ட நீலத் துணியைக் கட்டிக்கொண்டு ஆயுதமில்லாமல் அப்பியா தெருவில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. கூட்டத்தில் அந்தத் தாத்தாவும் இருந்தார், தோளில் குண்டு வாங்கிக்கொண்டு பிழைத்தார். அந்த நீலத் துணி இன்றும் சவேலியோ வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

2008இல் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. அதுவரை வலது பக்கம் ஓடிய வண்டிகளெல்லாம் 2009 செப்டம்பரிலிருந்து இடது பக்கம் ஓட வேண்டும். இடது பக்கம் ஓட்டும் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் உறவுக்காரர்கள் பழைய கார்களை மலிவாக அனுப்பலாம் அல்லவா, அதற்காக. நாடே இரண்டுபட்டது. எங்கள் ஆளைக் கேட்க வேண்டுமா?

"எங்க தாத்தாவைச் சுட்டவன் இடது பக்கம் போறவன். அவன் பக்கம் நான் போகணுமா?" என்று பஸ்ஸில் முழங்கினான். "எந்தப் படத்துலயாவது கதாநாயகன் இடது பக்கம் ஓட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"வில்லன் ஓட்டுவான்" என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். இது போதாதா அவனுக்கு.

அப்பியாவில் கண்டன ஊர்வலம் நடந்தபோது தாத்தாவின் துணியைக் கட்டிக்கொண்டு போனான். மைக் கையில் கிடைத்தது. "சட்டம் வர்ற அன்னைக்கும் நான் வலது பக்கம்தான் ஓட்டுவேன். எதிர்ல எவன் வந்தாலும் வரட்டும்" என்று சபதம் போட்டான். வானொலியில் அது ஒலிபரப்பாகிவிட்டது. ஊருக்குத் திரும்பியபோது கழுத்து கொள்ளாமல் மாலை விழுந்தது.

சூலியா மட்டும் மாலை போடவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"தம்பி, அவரு நிஜமாவே ஓட்டுவாருடா. சாகறதுக்குக்கூட பயப்படல. சொன்னதை மாத்தினா ஊரு சிரிக்கும்னுதான் பயப்படறாரு. பஸ் நிறைய ஆளுங்க இருப்பாங்களே."

"நான் சொன்னா கேக்குற ஆளா அவன்?"

"நீ சொன்னா கேக்க மாட்டாரு. பேய் சொன்னா கேப்பாரு."

நான் ஊர்க் கோமாளி. எங்கள் ஊர் நையாண்டி நாடகத்துக்குப் பேய் வீடு என்றுதான் பெயர். மேடையில் பேசுவது நாங்கள் இல்லை, எங்கள் மேல் வந்த ஆவி. அதனால் ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்யலாம், போதகரைக் கிண்டல் செய்யலாம், ஆவி மேல் யாரும் அபராதம் போட முடியாது. ஆனால் குண்டடிபட்ட ஒரு மனிதரை வேடிக்கைப் பொருளாக்குவது வேறு விஷயம். தப்பாகப் போனால் மச்சான் என் முகத்திலேயே முழிக்க மாட்டான். இருந்தாலும் அக்கா கேட்டதை இல்லையென்று சொல்லும் தம்பி எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

சர்ச் கூரைக்கு நிதி திரட்டும் சனிக்கிழமை வந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம், அதுதான் பஸ். எங்கள் நாடகக் குழுவின் குண்டன் தஃபீத்து பானை மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு சவேலியோவாக உட்கார்ந்தான். நான் முகமெல்லாம் பவுடர் அப்பி, சூலியா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த நீலத் துணியைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினேன். துணியைப் பார்த்ததும் முன்வரிசையில் சவேலியோவின் முகம் இறுகியது.

"ஏன்டா பேராண்டி, இந்த ஓரத்தையே கட்டிக்கிட்டு அழுவுற?" என்றேன்.

"தாத்தா, இது நம்ம பரம்பரை ஓரம்" என்றான் தஃபீத்து.

"எவன்டா சொன்னான்? முதல்ல ஜெர்மன்காரன் நம்மளை ஆண்டப்போ அவன் காட்டின ஓரம்டா இது."

"அப்ப இடது பக்கம் போகவா?"

"அது நியூசிலாந்துக்காரன் ஓரம்."

"ஐயோ தாத்தா, அப்ப நீங்க ஊர்வலத்துல எந்தப் பக்கம்தான் போனீங்க?"

"பக்கமாவது ஒண்ணாவது. ஊரே நடந்துச்சுடா. நடுரோட்டுல நடந்தோம். ரெண்டு ஓரமும் எங்களுது."

கூட்டம் குலுங்கியது. கிழவிகள் பாயைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நான் விடவில்லை.

"உன் பஸ்ல யாருடா மடியில உக்காந்திருக்கறது?"

"நம்ம ஊரு அத்தைங்க."

"எதிர்ல வர்ற பஸ்ல?"

"பக்கத்து ஊரு அத்தைங்க."

"அத்தைங்களை மோதிக் கொல்லவா நான் குண்டு வாங்கினேன்?"

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எல்லோரும் சவேலியோவைத்தான் பார்த்தார்கள். அவன் எழுந்தான். என்னை அடிக்க வருகிறான் என்றே நினைத்தேன். மேடை ஏறி, தஃபீத்துவை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு, பானை மூடியை வாங்கிக்கொண்டு டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தான். மூடியை மெதுவாக இடப்பக்கம் ஒடித்தான்.

"சரி தாத்தா, உங்களுக்காகப் போறேன். ஆனா இறங்கும்போது பார்த்து இறங்குங்க. இந்த அரசாங்கம் பக்கத்தை மாத்துச்சே தவிர என் பஸ் கதவை மாத்தல. கதவு நடுரோட்டுலதான் திறக்கும்."

கூரை இல்லாத சர்ச்சில் கூரை பறக்கும்படி சிரித்தார்கள். சட்டம் போட்ட அமைச்சகத்தில் வேலை செய்யும் எங்கள் ஊர் ஆளே கண்ணைத் துடைத்துக்கொண்டான். சவேலியோ எழுந்து ஆடினான், நானும் ஆடினேன், சூலியா ஓடிவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஆடினாள். அன்று வசூலான பணத்தில் கூரையும் போட்டோம், இடப்பக்கம் அவன் பஸ்ஸுக்கு ஒரு கதவும் அறுத்தோம். போதகர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சட்டம் வந்த நாளில் சர்ச் மணி அடித்தது. முச்சந்தி தோறும் போலீஸ் நின்றது. பக்கம் மாறுவதற்காக அரசாங்கம் விட்ட விடுமுறை முடிந்து முதல் பஸ்ஸை எடுத்தவன் சவேலியோதான். சூலியா அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, "இடது, இடது" என்று சந்தைவரை சொல்லிக்கொண்டே வந்தாள். சந்தைக்காரிகள் கைதட்டி வரவேற்றார்கள், அவனும் ஜெயித்தவன் மாதிரி கையசைத்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு ஆக்லாந்திலிருந்து சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்திருந்தான். பஸ்ஸில் அவனை முன்சீட்டில் உட்காரவைத்து சவேலியோ ஆரம்பித்தான். "எங்க தாத்தா என்கிட்ட சொல்லுவாரு. நடுரோட்டுல நடந்தோம்டா, ரெண்டு ஓரமும் எங்களுதுன்னு." சொல்லும்போதே சவேலியோவின் கண் கலங்கியிருந்தது. பின்னால் இருந்த பள்ளிப் பிள்ளைகள், இதைப் பரீட்சையில் எழுதி டீச்சரிடம் பாராட்டு வாங்கியதாகச் சொன்னார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், அது நான் மேடையில சொன்னது."

"நீயா சொன்னே?" கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "உனக்கு ஏதுடா அவ்வளவு அறிவு? அவரு துணியைக் கட்டிக்கிட்டு நின்னே. உன் வாயால அவரு பேசினாரு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. நாங்கள் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். ஜெர்மன்காரன் இருந்தான், அத்தைகள் இருந்தார்கள். நடுரோடு மட்டும் ஒத்திகையில் இல்லை. அது எப்படி வாயில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.