தனலட்சுமி தட்டச்சு செய்ய மறுத்த வாக்கியம்

தனலட்சுமி அக்கா இறந்த செய்தி எனக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. முதல் ஷிஃப்டுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர் அவருடைய பழைய படம் ஒன்றைப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் 'மே ஹெர் சோல் ரெஸ்ட்ஸ் இன் பீஸ்' என்று எழுதியிருந்தார். அதற்கடியில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அக்காவை வேலையை விட்டு அனுப்பியவர் இதே மேலாளர். 'மே' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ரெஸ்ட்' என்றுதான் வர வேண்டும், 'எஸ்' ஒட்டக்கூடாது என்று அவருடைய கடிதங்களை வருடக்கணக்கில் திருத்திக் கொடுத்தவரும் அக்காதான். செத்த அன்றைக்காவது அவருக்கு ஒரு சரியான வாக்கியத்தைக் கொடுத்திருக்கலாம்.

இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில், தலைமுறை தலைமுறையாக மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம் அவருடையது. ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தார். பத்தொன்பது வருடம் இருந்தார், கான்ட்ராக்டாகவே இருந்தார். "பர்மனென்ட் ஆவறதுக்கு முன்னாடி எனக்கு முடியெல்லாம் பர்மனென்ட்டா நரைச்சிடுச்சி" என்று சிரிப்பார். டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதும் எனக்கு அவருடைய மேசைக்கு அடுத்த மேசை. என் அறிக்கைகளில் 'கேன் கோயிங்', 'ஷுட் வென்ட்' என்றெல்லாம் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

"மஸ்ட், ஷுட், கேன், இதுங்க பின்னாடி வர்ற வினை மொட்டையா நிக்கணும் ரவி. முடிஞ்சுபோன சேதின்னா நடுவுல 'ஹாவ்' போடு. ஆனா அதப் போடறதுக்கு முன்னாடி, என்ன நடந்துச்சின்னு ஆளக் கேட்டுக்கோ."

எத்தனையோ தடவை இதைச் சொல்லியிருக்கிறார். ஆளைக் கேட்கச் சொன்னதை நான் ஒருநாளும் காதில் வாங்கவில்லை.

அப்படியிருக்கும்போது ஒருநாள், சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய மண்ணை வழித்துக்கொண்டிருந்த ஏழுமலையின் வலது கை உருளைக்குள் சிக்கி நசுங்கியது. காடாம்புலியூர்க்காரர், எங்கள் கான்ட்ராக்ட் ஆள். ஆட்கள் பெல்ட்டுக்கு அடியில் இறங்கும் முன்பு சூப்பர்வைசர் ஸ்விட்சை அணைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. மறுநாள் மருத்துவமனையில் அவருடைய வாக்குமூலத்தை எழுத என்னைத்தான் அனுப்பினார்கள். "அவரு பூட்டியிருக்கணும் சார்" என்றார் ஏழுமலை. வலியில் அதற்குமேல் பேச முடியவில்லை. ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நான் 'சூப்பர்வைசர் மஸ்ட் லாக்டு தி ஸ்விட்ச்' என்று எழுதி, ஏழுமலையின் இடது பெருவிரலை அதன் கீழே ஒற்றிக்கொண்டு வந்தேன்.

மேலாளர் படித்துவிட்டு, 'மஸ்ட்'டுக்கும் 'லாக்டு'க்கும் நடுவில் அழகாக ஒரு 'ஹாவ்' செருகினார். இலக்கணம் சரியாகிவிட்டது. அர்த்தம் தலைகீழாகிவிட்டது. 'மஸ்ட் ஹாவ் லாக்டு' என்றால், சூப்பர்வைசர் கண்டிப்பாகப் பூட்டித்தான் இருப்பார் என்று பொருள். ஸ்விட்சைப் பூட்டிவிட்டால் பெல்ட் தானாக ஓடாது. அப்படியானால் ஏழுமலையே யாரையும் கேட்காமல் திறந்திருக்கிறார், தவறு அவருடையது என்று கோப்பு முடிந்துவிடும். கை போனவரின் பெருவிரல் ரேகையே அதற்குச் சாட்சி.

தட்டச்சுக்கு வந்த அந்தத் தாளை அக்கா திருப்பி மேலாளரின் மேசையில் வைத்தார்.

"இத நான் அடிக்க மாட்டேன் சார்."

"ஏம்மா, இங்கிலீஷ்ல தப்பு இருக்கா?"

"இங்கிலீஷ் சரியா இருக்கு. ஆளு சொன்னது இது இல்ல."

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். கட்டிலோரம் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பூட்டினாரா, பூட்டலையா?"

"பூட்டலைங்க. பேசிக்கினே போயிட்டாரு. பூட்டியிருந்தா எங் கை இருந்திருக்குமேங்க" என்றார் ஏழுமலை.

திரும்பி வரும் வழியில் அக்கா எனக்கு விளக்கினார். "'ஷுட் ஹாவ் லாக்டு'ன்னு வரணும். பூட்டியிருக்க வேண்டியவரு, பூட்டலன்னு அர்த்தம். நம்ம தமிழ்ல 'பூட்டியிருக்கணும்'னா ரெண்டுக்கும் ஆவும். அதான் அந்தாளுக்கு வசதியாப் போச்சி." எனக்குத் தெளிவாகப் புரிந்தது. இதை நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டும்: எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே அக்கா உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்கதானே எழுதினது? என்ன அர்த்தத்துல எழுதினீங்க?" என்று கேட்டார். மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் குவார்ட்டர்ஸ் வீடும், பள்ளிக்குப் போகும் என் இரண்டு பெண்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா தெரியாதுங்க சார். மேனேஜர் திருத்தினது சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப ஏழுமலையவே கேளுங்க சார். தமிழ்லயே கேளுங்க, தமிழ்லயே எழுதிக்குங்க" என்றார். அந்த அதிகாரி நல்ல மனிதர், நேரே மருத்துவமனைக்குப் போய்க் கேட்டார். பழி ஏழுமலையை விட்டு நீங்கியது. கையில் கட்டுப் பிரித்த பிறகு பம்ப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

அடுத்த மாதம், உள்ளே நுழையக் காட்ட வேண்டிய அக்காவின் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் 'யூ மே நாட் கம்' என்று மேலாளர் ஒரு கடிதம் கொடுத்தார். அக்கா திங்கட்கிழமை சரியான நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார். செக்யூரிட்டி மறித்தபோது கடிதத்தைக் காட்டி, "வராமலும் இருக்கலாம்னுதான் எழுதியிருக்காரு. வரலாம்னு நான் எடுத்துக்கிட்டேன்" என்றார். மேலாளர் வெளியே வர வேண்டியதாகிவிட்டது. அவர் முன்னாலேயே 'மே'யைக் கோடு போட்டு அடித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் 'மஸ்ட்' என்று எழுதி நீட்டினார் அக்கா. "வெளிய போன்னு சொல்றதுன்னா தைரியமா சொல்லுங்க சார்." உள்ளே நின்ற நாங்கள் இருபது பேரும் பதிவேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கடைத்தெருவில் ஒரு ஜாப் டைப்பிங் கடை போட்டார். வேலை கேட்டவர்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், பாஸ் பறிபோனவர்கள் எல்லோருக்கும் மனு அடித்துக் கொடுத்தார். ஒருநாள் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். மெஷினிலிருந்து கையை எடுக்காமலே, "மன்னிப்ப வச்சி நான் என்னா பண்ணப்போறேன்? அடுத்த தடவ கேட்டா என்ன சொல்லுவன்னு சொல்லு" என்றார். நான் அப்படியே கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன். போன வாரம் நெஞ்சுவலி வந்து, அவருடைய வீட்டிலேயே, விடிவதற்கு முன்பே போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஏழுமலை வந்திருந்தார். மாலையை இடது கையால் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அன்னிக்கி நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்காவுக்கு வேலை போயிருக்காதுங்க" என்றார். குரலில் சண்டை இல்லை. சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார்.

அந்த மேலாளர் மேல் எனக்குள்ள கோபம் தீராது, தீரவும் வேண்டாம். ஆனால் அதில் பாதி என் மேல். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நான் சொன்னது பொய். இதை எல்லோர் முன்னாலும் சொல்ல அக்கா சாகும்வரை காத்திருந்தேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வெட்கம் ஒன்றுதான். யாராவது ஆறுதல் சொல்லி இதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வராதீர்கள். நான் தர மாட்டேன்.