தட்டில் வந்த நொய்

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில், தொழில் என்ன என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நடவு ஆளுங்க" என்றாள். அந்த ஊழியர் என்னைப் பார்த்தார். "இல்லத்தரசின்னு போட்டுக்குங்க சார்" என்றேன். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. பன்னிரண்டு வயதில் நாற்றுக் கட்டோடு வயலில் இறங்கியவள், நான் பல் மருத்துவம் படித்து முடிக்கும் வரை கரை ஏறவில்லை. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். எங்களுக்கு இன்று சொந்தமாக இருக்கும் இரண்டு மா நிலம், நான் தஞ்சாவூரில் கிளினிக் வைத்த பிறகு வாங்கியது.

வியட்நாமுக்குப் போகலாம் என்று நான்தான் தீர்மானித்தேன். தஞ்சாவூரில் ஒரு டிராவல்ஸ்காரர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் பன்னிரண்டு பேர், திருச்சியில் விமானம் ஏறுவதாக ஏற்பாடு. விமான நிலையத்தில் ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்திக்கொண்டபோது நான் சொன்னது இது: "நீடாமங்கலம் பக்கங்க. விவசாயக் குடும்பம். நான் தஞ்சாவூர்ல பல் டாக்டர்."

பொய் இல்லை. ஆனால் கேட்டவர்கள் என்ன நினைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். குழுவில் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்காரத் தம்பதி இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் குடும்பம். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, "நம்ம ஊர்ப்பக்கமா! தண்ணி வந்துடுச்சா உங்களுக்கு? நாங்க இந்தத் தடவை குறுவை போடல" என்றார். "எங்களுக்கும் அப்படித்தாங்க" என்று நான் சமாளித்தேன். அம்மா அப்போது பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் காதில் இது விழவில்லை.

சைகோனில் இறங்கிய நாளிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு ஒரே இடத்தில். இந்திய உணவகம் என்று பலகை. காலையில் பூரி, மத்தியானம் புலாவ், இரவு ரொட்டியும் மஞ்சள் நிறத்தில் ஒரு குழம்பும். இரண்டு நாள் பொறுத்துக்கொண்ட அம்மா, மூன்றாம் நாள் காலையில் ஹோட்டல் அறைக் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. இந்த ஊர்க்காரங்க என்ன திங்கிறாங்கன்னே பாக்காம ஊருக்குப் போயி என்னத்தச் சொல்றது? இந்தப் பூரிய நம்ம பஸ் ஸ்டாண்டுலயே தின்னுருக்கலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்றவர்கள் உணவகத்துக்குக் கிளம்ப, நாங்கள் இருவரும் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த சந்தில் இறங்கி நடந்தோம். ஸ்கூட்டர்கள் நடைபாதையிலும் ஏறி வந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வரப்பில் நடப்பதுபோல் ஒற்றை வரிசையாக எனக்கு முன்னால் போனாள். பத்துக் கடை தாண்டியதும் புகை வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நடைபாதையிலேயே கரி அடுப்பு வைத்து இறைச்சித் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் இடுக்கி, மறு கையில் விசிறி. முட்டி உயரத்துக்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் ஆள்.

"கூட்டம் இருக்குற கடதான் நல்ல கட" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து மேசையில் இருந்த தட்டையும் கோழித் துண்டையும் கையால் காட்டிக் கேட்டோம். வந்தது. குவித்த சோறு, வாட்டிய கோழி, பொரித்த முட்டை, மேலே எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தாள், ஓரத்தில் ஊறுகாய் போட்ட காரட், ஒரு கிண்ணத்தில் மிளகாய் மிதக்கும் மீன் சாறு. நான் போன் எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். அம்மா தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல் நுனியால் சோற்றைத் தொட்டு, இரண்டு பருக்கையை எடுத்து உருட்டினாள்.

"பாப்பா, இது நொய்யி."

"இந்த ஊரு அரிசி அப்படித்தாம்மா சின்னதா இருக்கும்."

"எனக்குத் தெரியாதா? ஒடஞ்ச அரிசி. மில்லுல சலிச்சு ஒதுக்குறது." அவள் முகம் சுருங்கியது. "ஏரோப்ளேன்ல ஏத்தி இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து, நொய்யத் திங்க வக்கிறியா?"

போனில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நெல் விளையும் கிராமங்களில், விற்க முடியாத நொய்யை ஏழைகள் தங்களுக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். பிறகு அது இந்த நகரத்துக்கு வந்து, எல்லோரும் தேடிச் சாப்பிடும் சாப்பாடாகிவிட்டது. இப்போது இதற்கென்றே நொய்யை விலைக்கு வாங்குகிறார்களாம். படித்துச் சொன்னேன்.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆபீஸ்காரப் பெண்கள். வெள்ளைச் சட்டையும் டையுமாக ஒருவர். வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்த ஒரு குடும்பம். எல்லோர் தட்டிலும் நொய்.

"இவ்வளவு பேருமா?" என்றாள்.

நான் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் நொய்ச்சோறுதான். பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸ் மூடியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மறைவில் குனிந்து சாப்பிடுவேன். யாராவது எட்டிப் பார்த்தால் மூடிவிடுவேன். எத்தனையோ நாள் பாதிச் சோற்றோடு வீடு திரும்பியிருக்கிறேன். பசிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்வேன். அந்தச் சந்தில், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அதை முதல்முறையாக அவளிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "மிச்சத்த நாந்தான சாப்புட்டேன்."

பிறகு கரண்டியையும் முள்கரண்டியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மீன் சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாயை மெதுவாக மென்றாள். "பக்குவமா வேக வச்சிருக்கா. நொய்ய இப்படி ஒதிரியா வடிக்கிறது லேசுல வராது. கொழஞ்சிரும்" என்று அடுப்படிப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கையால் சாப்பிடுகிறவளை அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போனில் மொழிபெயர்த்து, 'என் அம்மா நெல் நடவு செய்தவர்' என்று காட்டினேன். படித்ததும் அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, குனிந்து, ஈரத் தரையில் நாற்றுக் குத்துவதுபோல் மூன்று முறை குத்தி, பின்னால் ஓர் எட்டு வைத்தாள். நிமிர்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதேதான்! அந்த இடுப்பு வலி அப்படியே இருக்கு பாரு!" என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

அந்த நேரத்தில்தான் கிழக்குக் கிராமத்துத் தம்பதி அந்தச் சந்தில் வந்தார்கள். உணவகத்தில் பூரியை முடித்துவிட்டு நடைக்குக் கிளம்பியவர்கள். எங்களைப் பார்த்ததும் வந்து, ஸ்டூல் இழுத்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் எங்கள் தட்டை எட்டிப் பார்த்தார்.

"ஐயய்ய, இது நொய்யில்ல? இதையா சாப்புடுறீங்க டாக்டர்? நம்ம வீட்டுல எல்லாம் கோழிக்கில்ல போடுவோம்!"

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எங்களையும் 'நம்ம' என்று சேர்த்துக்கொண்டுதான் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "நாங்க கோழிக்குப் போடலீங்க. புள்ளைக்குப் போட்டோம். அந்தப் புள்ளதான் இந்தா, டாக்டரா ஒக்காந்திருக்கு."

அந்த அம்மாளுக்குச் சட்டென்று புரியவில்லை. அம்மாவே தொடர்ந்தாள். "உங்க ஊரு பேரக் கேட்டதுமே நெனச்சேன், அங்க நான் நடவுக்கு வந்திருக்கேங்க. பத்துப் பதினஞ்சு வருசம். பெரிய மதகுக்குத் தெக்கால, வாய்க்காத் தாண்டுனா ஒரு மேட்டு வயலு இருக்கும் பாருங்க."

"அது எங்க சித்தப்பாவோடது" என்றார் கணவர்.

"தண்ணி ஏறாத வயலு. மட்டம் பண்ணாமயே விட்டுட்டாங்க. குத்துனா வெரலு வலிக்கும்."

அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கும் அப்படித்தான் கெடக்கு" என்றார்.

மனைவி தயங்கித் தயங்கி, "எங்க மாமியார் நடவு ஆளுங்களுக்குக் கஞ்சி காச்சி வயலுக்கு அனுப்புவாங்க" என்றார்.

"வந்துச்சுங்க. அதுவும் நொய்க்கஞ்சிதான். வாழச் சருகத் தொன்னையா மடிச்சு வச்சுக்கிட்டு நிப்போம், மேலேருந்து ஊத்துவாங்க." அம்மா தன் முன்னால் இருந்த தட்டின் விளிம்பைத் தொட்டாள். "இங்க தட்டுல வக்கிறாங்க."

குரலை உயர்த்தாமல், முகத்தில் எந்தக் கடுப்பும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்த மாதிரி நிமிர்ந்து உட்கார எனக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. மூன்று நாளாக நான் பூசி மெழுகியதை ஒரே வாயில் கழுவிவிட்டாள். கழுவிய பிறகு தெரிந்தது, மறைக்க அங்கே ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

அந்த அம்மாள் அடுப்படிப் பெண்ணைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். அவர்களுக்கும் தட்டு வந்தது. கரண்டியால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தவர், "நல்லாத்தான் இருக்கு" என்று மெல்லச் சொன்னார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. "அந்தச் சாறு ஊத்திக்குங்க, இன்னும் நல்லாருக்கும்" என்று கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

திரும்பி நடக்கும்போது அம்மா கேட்டாள். "அவங்ககிட்ட நம்மள என்னன்னு சொல்லி வச்சிருந்த?"

சொன்னேன். அவள் நடையை நிறுத்தவில்லை.

"விவசாயக் குடும்பந்தான? அதுல என்ன தப்பு. ஆனா பாதியோட நிறுத்திட்ட. நீ டாக்டருன்னு சொன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. நடவு ஆளு மக டாக்டருன்னு சொல்லிப் பாரு, அப்பத்தான் அதுக்கு மதிப்பு."

அன்றைக்குப் பிறகு நாங்கள் இந்திய உணவகத்துப் பக்கமே போகவில்லை. கிழக்குக் கிராமத்துக் கணவர் முதலில் வந்து சேர்ந்துகொண்டார். மேட்டு வயலை மட்டம் பண்ணினால் தேறுமா, மண்ணை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே நடந்தார். அவர் மனைவி இரண்டு வேளை தள்ளியே இருந்துவிட்டு, மூன்றாவது வேளைக்கு வந்தார். கடைசி மத்தியானம் என்னோடு சேர்த்துக் குழுவில் எட்டுப் பேர் அம்மா பின்னால் நின்றோம். அவள் தெருவில் நின்று நாலாபக்கமும் பார்த்து, டிரைவர்கள் உட்கார்ந்திருந்த ஒரு நூடுல்ஸ் கடையைக் காட்டினாள். உள்ளே போனதும் எல்லோருக்கும் அவளே விரல் நீட்டி ஆர்டர் கொடுத்தாள். வந்த சூப்பை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இதுல உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. நான் தப்பாக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று உரக்க ஒத்துக்கொண்டாள். எட்டுப் பேரும் சிரித்தோம். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் நொய்க்கடைக்கு மறுபடி போய் ஒரு படம் எடுத்தேன். அந்தப் பெண்ணும் அம்மாவும் கரி அடுப்புக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். விசிறி அம்மா கையில். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, கிளினிக்கில் நோயாளி சாய்ந்து படுக்கும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன். யாருங்க இது என்று கேட்காதவர்கள் குறைவு. ஈறில் ஊசி போட்டால் மரத்துப்போகச் சில நிமிடம் ஆகும். வாய் மரத்துக் கிடக்கிறவர்கள் குறுக்கே பேசவும் மாட்டார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்வேன்.