அக்காவின் உள்ளங்கையில் தோன்றிய புள்ளிகள்

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. அவரை வழியனுப்ப வந்த உங்களிடம் அன்று நேரில் சொல்ல எனக்குத் துணிவு வராத ஒன்றை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அப்பா கடலில் தவறியபோது அவருக்குப் பதினாறு வயது. அடுத்த வாரமே மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் கிளம்பிவிட்டார். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கூடைதான்.

சென்ற ஆண்டு, வண்டியில் அடிபட்ட செவலை நாய் ஒன்றைத் தூக்கி வந்தார். அதன் காதெல்லாம் உண்ணி. அக்காவும் என் மனைவி ஸ்டெல்லாவும் வெறுங்கையால் பிடுங்கி நகத்தால் நசுக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. "ஒண்ணுமில்லடா, வெயிலு" என்றார். மூன்றாம் நாள் தலைவலியில் கண் திறக்க முடியவில்லை. கிளினிக்கில் டெங்கு இல்லை என்றார்கள். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று மருத்துவர் கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். உண்ணி என் நினைவிலேயே இல்லை.

ஐந்தாம் நாள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. "அம்மை போட்டுக்கீது" என்று அண்டை வீட்டார் வேப்பிலை கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. புள்ளிகள் உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் பரவின, மூச்சு இரைத்தது. ஆட்டோவில் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் அக்காவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்ல நாய் இருக்கா? உண்ணி ஏதாவது கடிச்சுதா?"

இருவரும் உண்ணியை நசுக்கியது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தேன்; கொதித்தது. அக்கா படுத்த பிறகு நாய்க்கு உண்ணி எடுத்தவள் அவள்தான். காலையிலிருந்தே காய்ச்சலாம், என்னிடம் சொல்லவில்லை.

அக்கா முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கினார்.

"என்னிய வுட்றா. இவளுக்கு மொதல்ல மருந்து குடு. சின்னப் பொண்ணுடா இவ."

உண்ணியால் வரும் காய்ச்சல் என்று இருவருக்கும் அந்த மணி நேரத்திலேயே மருந்து தொடங்கினார்கள். அக்காவுக்கு அதற்குள் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. மூன்று நாள் இரு கட்டிலுக்கும் இடையே நடந்தேன். எந்தப் பக்கம் திரும்பவும் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் விடியலில் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் விட்டது. அன்று காலையே அக்கா போய்விட்டார்.

அந்த மருத்துவருக்கும், செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த குப்பத்து இளைஞர்களுக்கும், ஜெபித்த நம் தேவாலயப் பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேப்பிலை கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. அவர்கள் அன்பால் செய்தார்கள். உண்ணியைக் கண்ணால் பார்த்தவன் நான். சொல்லாதவனும் நானே.

உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததையும் நாயைத் தொட்டதையும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.