பெட்டியம்மா மைக்கில் சொன்னது

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுக்காவது புதிதாக ஏதாவது வந்து இறங்கினால், பொருளைப் பார்க்க எல்லாரும் உள்ளே போவார்கள். பெட்டியம்மா மட்டும் வாசலிலேயே நின்றுவிடுவார். பொருளை எடுத்தபிறகு கேட்பாரற்றுக் கிடக்கும் காலி அட்டைப்பெட்டிதான் அவருக்கு வேண்டும். அதைத் தூக்கி நிறுத்துவார். நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்துவார். மடிப்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். பிறகு கவிழ்த்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பெட்டிக் கம்பெனியின் பெயரை வாசிப்பார். கடைசியில் வரும் தீர்ப்பில் மட்டும் எந்த மாற்றமும் இருக்காது.

"இதெல்லாம் ஒரு ஒட்டலா? எச்சி தொட்டு ஒட்டுன மாதிரி இருக்கு."

என் வீட்டுக்குச் சலவை மிஷின் வந்த அன்றும் இதே கூத்துதான். "மிஷின் எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டேன். "மிஷினா? அது எங்க இருக்கு?" என்றார். அடுத்தவர் செய்த பெட்டியை அவர் வாய் தவறிக்கூடப் பாராட்டி நான் கேட்டதில்லை.

கட்டடத்தின் தரைத்தளம் முழுக்க அவருடைய அட்டைப்பெட்டிப் பட்டறை. அதற்கு நேர் மேலே என் வீடு. கீழே அட்டை வெட்டும் மிஷின் ஓடும்போது என் மேஜைமேல் டீ டம்ளர் தானாக நகரும். முதல் வருடம் சண்டைக்குப் போனேன். "சத்தம் நின்னுச்சுன்னாத்தான் சார் நீங்க கவலைப்படணும்" என்றார். இப்போது மிஷின் ஓடாத நாளில் எனக்கே எழுத்து ஓடுவதில்லை.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கூந்தலை, பெட்டிக் கட்டுகளைக் கட்டும் சணல் நூலாலேயே முடிந்திருப்பார். புருவத்தில் எந்நேரமும் அட்டைத்தூள். பட்டறையில் நாற்காலிகள் உண்டு. ஆனால் அவர் உட்காருவது அட்டைக் கட்டின் மேல். அளவு எடுக்க டேப் தேட மாட்டார், கையை விரித்து ஒரு சாண் போடுவார். குரல் மட்டும் மூன்று மாடிக்கும் கேட்கும். கோபம் வந்தால் கத்துவார், சந்தோஷம் வந்தால் அதைவிட அதிகமாகக் கத்துவார். எது எது என்று புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

தொழிலில் பாதிப் பங்கு அவருடைய தம்பிக்கு. அவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார். பேங்க், வரி, கொள்முதல் அதிகாரிகளைப் பார்ப்பது எல்லாம் தம்பி பொறுப்பு. இஸ்திரி கலையாத சட்டை, அளந்த பேச்சு. அக்காவுக்குப் பெட்டி, தம்பிக்குக் கணக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டதில்தான் இருவரும் இத்தனை வருடம் அடித்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

அந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தது ஒரு மைக். சிறுதொழில் சங்கத்துக்காரர்கள் வரியைக் குறைக்கச் சொல்லிக் கூட்டம் போட்டிருந்தார்கள். பெட்டியம்மா கேட்கத்தான் போனார். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்ததால், மேடைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். எதிரே டிவி கேமரா. அம்மாவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

"வரியக் குறைச்சுப் பாருங்கய்யா! நாலு பேருக்கு நான் வேலை தர்றேன். முத ஆளு எங்க பசை. அவளத்தான் முதல்ல கூப்பிடுவேன்!"

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்றாம். அந்தத் துண்டு வீடியோ எங்கள் தெருவில் எல்லார் போனுக்கும் வந்து சேர்ந்தது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

பசை என்று அவர் சொன்னது பசையக்காவை. பட்டறையில் மூலை ஒட்டிக்கொண்டிருந்த மூன்று பெண்களில் ஒருவர். ஒட்டினால் பெட்டி கிழியுமே தவிர மூலை பிரியாது என்று பெயர் வாங்கியவர். இரண்டு வருடங்களுக்கு முன், பட்டறையில் பெட்டி வாங்கும் ஷூ கம்பெனி பாதி ஆர்டரை நிறுத்தியபோது, மூவரில் ஒருவரை அனுப்ப வேண்டியதாயிற்று. மற்ற இருவருக்கும் சின்னப் பிள்ளைகள். பசையக்காவின் மகன் அப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். அதனால் அவர் போனார். ஆறு மாதத்தில் மகன் வேலையும் போயிற்று. அன்றிலிருந்து பசையக்கா இரண்டு கட்டடங்களில் படிக்கட்டு கழுவுகிறார். பெட்டியம்மா அந்தக் கட்டடங்கள் இருக்கும் தெருவழியே போவதையே விட்டுவிட்டார்.

வரியைக் குறைத்தார்கள். நிஜமாகவே. அறிவிப்பு வந்த மறுநாள் காலை பசையக்கா பட்டறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கையில் சாப்பாட்டுப் பை.

"டிவியில சொன்னீங்களேக்கா. சும்மா பேச்சுக்குச் சொன்னீங்களோ என்னமோ, கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்னிக்குடி நான் சும்மா பேசியிருக்கேன்?" என்ற அம்மாவின் குரல் என் வீடு வரை வந்தது. "திங்கட்கிழமை வந்துரு."

அதற்குப் பிறகுதான் வரிசையாக ஆட்கள் வந்தார்கள், வேலை கேட்டல்ல. கட்டடத்துச் சொந்தக்காரர் வந்தார். "உங்களுக்குத்தான் இப்ப வரி மிச்சமாச்சே" என்று வாடகையை ஏற்றினார். ஷூ கம்பெனியின் கொள்முதல் அதிகாரி வந்தார். அதே காரணத்தைச் சொல்லிப் பெட்டி விலையைக் குறைக்கச் சொன்னார். அன்று நானும் டீக்குக் கீழே போயிருந்தேன்.

"உங்க கம்பெனிக்கும்தானே தம்பி வரி குறைஞ்சுது? எங்களவிட உங்களுக்குத்தானே அள்ளிக் குடுத்தாங்க? அப்ப ஆர்டரக் கூட்டுங்களேன்" என்றார் பெட்டியம்மா.

அந்த இளைஞர் நல்ல பிள்ளை. மறைக்காமல் சொன்னார்: "ஷூ வாங்குறவங்க வாங்கினாத்தானே மேடம் பெட்டி? வரி குறைஞ்சுதுன்னு யாருக்கும் மூணாவது கால் முளைக்கலையே."

பெட்டியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விலையையும் குறைத்துக் கொடுத்துவிட்டார். அந்த இளைஞர் போனபின் காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினார். பிறகு என்னிடம், "எனக்கு இது தெரியாதா சார்? ஆர்டர் வந்தாத்தான் ஆளு. நல்லாத் தெரியும். மைக்கப் பாத்ததும் மறந்துபோச்சு" என்றார்.

வரியைக் குறைத்தால் வேலை பெருகுமா என்று படித்தவர்கள் எழுதும் கட்டுரைகளை நானும் வாசிப்பதுண்டு. யார் எழுதியதை வாசிக்கிறேனோ அவர் பக்கம் சாய்ந்துவிடுகிற ஆள் நான். எங்கள் தெருவிலேயே பாருங்கள், அடுத்த கட்டடத்து அச்சகக்காரர் இரண்டு பேரைச் சேர்த்தார். வரி மிச்சமானதால்தான் என்று ஊரெல்லாம் சொன்னார். அவருக்கு வேலை குவிந்து கிடந்தது, எப்படியும் சேர்த்திருப்பார் என்பது பெட்டியம்மாவின் கட்சி. இருவரும் இதைப் பற்றித் தெருவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டார்கள். நான் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

உண்மையான சண்டை வீட்டுக்குள்தான் வந்தது. தம்பி ஒரு படப் புத்தகத்தோடு இறங்கி வந்தார். மூலை ஒட்டும் மிஷின். மிச்சமாகும் வரிப் பணத்தை முன்பணமாகக் கட்டினால் போதும், மீதிக்குக் கடன் கிடைக்கும், மிஷின் வாங்கினால் அதற்குத் தனியாக இன்னொரு சலுகையும் உண்டு என்று அவர் நிதானமாக விளக்கினார்.

"இது வந்தா பசை எதுக்கு?" என்று கேட்டார் அக்கா.

"பசை மட்டுமில்லக்கா, மூணு பேருமே வேணாம். நான் கெட்டவனா? கணக்கு அப்படித்தான் வருது. ஆர்டர் இல்லாம ஆளச் சேத்து என்ன பண்ணுவ? உக்கார வச்சுக் கதை பேசுவியா?"

"மைக்குல சொன்னது நானு. மிஷினா சொல்லுச்சு?"

"யோசிக்காம நீ சொன்னதுக்கு, நான் என்ன பண்ண முடியும்?"

தம்பி சொன்னதில் தப்பு இல்லை. மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்ட எனக்கே அது உறைத்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை, அக்கா ஜெயிக்கட்டும் என்றே வேண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அக்கா ஒரு வழி சொன்னார். "மிஷின் வேணாம். மிச்சத்துல உன் பாதிய நீ எடுத்துக்க. என் பாதியில அவ சம்பளம். அது தீர்ற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது."

"தீர்ந்த பிறகு?"

"அதுக்குள்ள ஆர்டர் பிடிப்பேன்."

பசையக்கா திங்கட்கிழமை வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இரண்டு பேருக்கான வேலையை மூன்று பேர் ஒட்டினார்கள். யார் கையும் சும்மா இருப்பதாகத் தெரியக்கூடாதென்று மூவரும் மெதுவாக ஒட்டினார்கள். பசையக்காவின் கை மெதுவாகப் போகத் தெரியாத கை. ஒட்டி முடித்த மூலையையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளைக்குக்கா?" என்று ஒரு நாள் மெல்லக் கேட்டார். "படிக்கட்டு வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இதுவும் இல்லன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

"பசை ஆறிப்போகுது பாரு. ஒட்டு" என்றார் பெட்டியம்மா. கத்தவில்லை.

அதற்குப் பிறகு பிற்பகல்களில் அவரைப் பட்டறையில் பார்க்க முடியவில்லை. மடியில் மாதிரிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போவார். சோப்புக் கம்பெனி, விளக்குக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி. ஆர்டர் கேட்டுப் போவது தம்பியின் வேலை, இவருக்குப் பழக்கமில்லை. போன இடத்தில் அவர்கள் வைத்திருந்த பெட்டியைக் குறை சொல்லிவிட்டு வந்துவிடுவார் என்று கேள்வி. வெறுங்கையோடு திரும்பும்போது, "என்ன சார், மீதி மூணு பேர எப்பச் சேர்ப்பேன்னு கேக்குறான் டீக்கடைக்காரன். அவனையே சேத்துக்கலாம்னு இருக்கேன்" என்பார். சிரிப்பார். பங்குப் பணம் கரைந்துகொண்டிருந்தது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

தம்பி தன் பாதியில் ஒரு பெரிய டிவி வாங்கினார். சுவரில் பாதி அளவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டடத்துக்காரர்கள் எல்லாரையும் மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார். அவர் உழைப்பில் வந்த லாபம், வாங்கட்டுமே. நாங்களும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தோம். திரையில் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம்போல் அத்தனை தெளிவு. வரிக் குறைப்பால் ஆயிரக்கணக்கில் வேலைகள் உருவாகியிருப்பதாகச் சொன்னார். "அதுல ஒண்ணு நம்ம அக்கா குடுத்தது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா அறையில் இல்லை.

எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். டம்ளரோடு வாசலுக்கு வந்தேன். ஆள் உயர டிவிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அடியில் அச்சாகியிருந்த பெட்டிக் கம்பெனியின் பெயருக்குக் கீழே ஒரு போன் நம்பரும் இருந்திருக்க வேண்டும். போன் ஏற்கெனவே காதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் யார் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம்ங்க. நாங்களும் பெட்டித் தொழில்தாங்க. உங்க பெட்டியத்தான் இப்பப் பாத்துக்கிட்டிருக்கேன்." நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "ரொம்ப அருமையா இருக்குங்க. மூலையெல்லாம் என்ன உறுதி! இல்ல, மிஷினுக்கு அடங்காத வேலை, கையில ஒட்ட வேண்டியது ஏதாவது இருந்தா குடுப்பீங்களான்னு… எங்ககிட்ட ஒரு ஆளு இருக்காங்க."

என்னைப் பார்த்துவிட்டார். பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. மறுமுனையில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டபடி, அந்தப் பெட்டியில் ஒட்டு விட்டு வாய் பிளந்திருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார்.