தலை கிள்ளிய பாட்டு

காசிமேட்டில் நாங்கள் இறால் உரிக்கும் கொட்டகையில் ஜானட்டைப் போல் சுத்தமாக வேலை செய்பவர் யாரும் இல்லை. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துப் போடுவாள். வேலை முடிந்ததும் தரையில் ஒரு ஓடுகூட இல்லாமல் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

கப்பல் வேலைக்குப் போன அவள் தம்பி தன் கம்ப்யூட்டரையும் மைக்கையும் வீட்டில் விட்டுப் போயிருந்தான். எங்கள் ராயபுரம் கோயில் பாடகர் குழு திருவிழாக் கொடியேற்றத்துக்குப் புதுப் பாட்டு ஒன்று செய்தபோது, பதிவு வேலையை அவள் ஏற்றுக்கொண்டாள். எதிரொலிக்காமல் இருக்க மெத்தையைச் சுவரில் சாய்த்து, லாரிச் சத்தம் ஓயும் நேரம் பார்த்து, முழுப் பாட்டின் இசையைக் காதில் ஓடவிட்டு, அவரவர் இடம் வரும்போது எங்களை ஒவ்வொருவராகப் பாட வைத்தாள். என் முறை வந்தபோது என்னைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அதனால்தான் கூச்சம் விட்டு எனக்குக் குரல் வந்தது.

எல்லாக் குரல்களையும் ஒன்றாகக் கலந்து பாட்டாக்கித் தர வடபழனியில் ரஞ்சித் என்பவர் ஒப்புக்கொண்டிருந்தார். குரல்களைத் தனித்தனியாக அனுப்பச் சொன்னார். கொட்டகையில் செய்வதைப் போலவே ஜானட் அதையும் செய்தாள். ஒவ்வொரு குரலுக்கும் முன்னாலும் பின்னாலும் சத்தமில்லாமல் சும்மா கிடந்த இடத்தை வெட்டி எடுத்தாள். பெயர் போட்டு அனுப்பினாள். பிறகு, கம்ப்யூட்டரில் மீதி இருந்ததையெல்லாம் குப்பை என்று அழித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தோம். ரஞ்சித்திடமிருந்து போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஜானட் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாக் குரலும் ஒண்ணா ஆரம்பிக்குதும்மா. கடைசி சரணம் பாடுறவங்க பல்லவியிலயே வந்துடுறாங்க. முன்னாடி இருந்த சைலன்ஸ வெட்டிட்டா யார் எங்க வரணும்னு எனக்கு எப்படித் தெரியும்? வெட்டாதத அனுப்புங்க."

வெட்டாதது இல்லை. ஜானட் போனை இரண்டு கையாலும் பொத்தினாள். விரலிடுக்கில் அவர் குரல் வந்துகொண்டே இருந்தது.

முன்வரிசையில் பாடும் ஃப்ளோரன்ஸ் அக்கா சிரித்துவிட்டார். "இன்னா ஜானட்டு, பாட்டையும் எறான்னு நெனச்சிக்கினியா? தலய கிள்ளிட்டு கயுவி வுட்டுக்கீற."

எல்லோரும் சிரித்தார்கள். ஜானட்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கொட்டகையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து உரித்தாள். மாலையில் வீடு வீடாகப் போனாள். என் வீட்டிலும் உள்ளே வரவில்லை. படிக்குக் கீழேயே நின்று, "இன்னொரு தபா பாடுறியாக்கா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். ஃப்ளோரன்ஸ் அக்கா வீட்டுக்குப் போகக் கால் வராமல் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அக்கா அவளை வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்கவிட்டார். பிறகு, "கொயம்ப எறக்கிட்டு வர்றேன், போ," என்றார்.

திரும்பவும் பாடினோம். பாடத் தொடங்கும் முன் அக்கா இருமினார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. ஜானட்டின் கை மவுஸ் பக்கம் போய்த் திரும்பி மடிக்கு வந்தது. எதையும் வெட்டாமல் அனுப்பினாள்.

கொடியேற்றத்தன்று பாட்டைப் போட்டார்கள். ஜானட் கூட்டத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் ஓரமாக நின்றாள். கடைசி சரணத்தின் குரல் கடைசியில் வரும்வரை அவள் நிமிரவில்லை.

வெட்டாத அந்தப் பதிவு இன்னும் அவள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அக்காவின் இருமலோடு.