வெளிச்சம் போடாத வீடு

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் எனக்குக் கிடைத்த முதல் வேலை, குருக்கள்மடத்துக்கு அருகே சுனாமிக்குப் பின் கட்டிய வீட்டுத் திட்டம் ஒன்றுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று கணிப்பது. என் அட்டவணையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: இருட்டியதும் விளக்கு, படுக்கும்வரை தொலைக்காட்சி, விடியும்வரை மின்விசிறி. ஒரு வீட்டின் கணக்கை எல்லா வீடுகளுக்கும் பெருக்கினால் போதும்.

மின்சார மீற்றர்களை வாசித்தபோது எந்த வீடும் நான் நினைத்தபடி இருக்கவில்லை. மூன்று அறை இருந்தும் எல்லோரும் ஒரே அறையில் படுத்தார்கள்; கடல் வந்த பிறகு பிள்ளைகளைத் தனியே படுக்க விட யாருக்கும் மனமில்லை. கடல் பக்கத்து யன்னல்களைப் பலர் திறப்பதேயில்லை. அந்த வீடுகளில் பகலிலும் விளக்கு எரிந்தது. இவற்றைக் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். கடைசி வீட்டைத்தான் எதிலும் சேர்க்க முடியவில்லை. அதன் மீற்றர் அசையவே இல்லை.

"ஆளில்லாத வீடு," என்றார் திட்ட அலுவலகத்தின் அதிகாரி. "வீடில்லாம எத்தனை சனம் காத்துக்கொண்டிருக்கு. பேய்க்கெல்லாம் வீடு குடுக்க ஏலாது, தங்கச்சி."

அடுத்த மாத வாசிப்பும் அப்படியே இருந்தால் வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுப்பதாக முடிவு.

போய்ப் பார்த்தேன். வாசலில் ஓர் அம்மா முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் சிரித்தாள்.

"அவ கோழியோட போய்ப் படுக்கிற ஆள். பொழுது சாயக்குள்ள கதவைச் சாத்திருவா."

"நாடகம் பாத்துப் பாத்துக் கண் அவிஞ்சு போன ஆள் நீ," என்றார் அம்மா. பிறகு என்னிடம், "இரி மனே." அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளையையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

விளக்குப் போடுவதில்லையா என்று கேட்டேன்.

"சண்டைக் காலத்துல எங்கட ஒழுங்கையில எங்கட வீட்டுல மட்டுந்தான் லைட் எரிஞ்சது. மகன் சோதினைக்குப் படிச்சான். வெளிச்சத்தைப் பாத்துத்தான் வந்தாங்க. அவனைக் கூட்டிப் போனாங்க." இலை உருவுவதை அவர் நிறுத்தவில்லை. "பிறகு அந்த வீட்டையும் கடல் கொண்டு போச்சு. இங்க வந்தும் நான் லைட் போடல்ல."

அங்கே ஆள் இருக்கிறார் என்று அலுவலகத்தில் சொன்னேன். மீற்றர் அப்படிச் சொல்லவில்லையே என்றார் அதிகாரி. மறுநாள் திரும்பவும் போய், வீடு பறிபோகப்போவதை அம்மாவிடம் சொன்னேன்.

"நான் இங்க இருக்கன் எண்டு ஊருக்குத் தெரியும். வேற எங்கயும் போனா அவன் வந்து ஆரிட்டக் கேப்பான்?"

"லைட் வேணாம் அம்மா. ஃபேனைப் போடுங்க. அதுவும் மீற்றர்ல ஏறும்."

"ஃபேன் சத்தத்துல, அவன் படலையில நிண்டு கூப்பிட்டாக் கேக்காதே மனே."



சில கிழமைகளின் பின் பொழுது படும் நேரம் அந்த வழியால் வந்தேன். கடைசி வீட்டு யன்னலுக்குள் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. அம்மா வெளியே, வேலிப் படலையடியில் பாயைப் போட்டு இருந்தார்.

"இது காணுமா மனே?"

"காணும் அம்மா, இது போதும்."

வீடு அவருக்கே தங்கியது. மின்விசிறி இரவும் பகலும் ஓடியதில், அந்த மாதம் என் கணிப்புக்கு ஆகக் கிட்ட வந்ததும் அந்த வீட்டின் மீற்றர் வாசிப்புத்தான். அதிகாரி அதில் விரலை வைத்துக் காட்டினார்.

"ஆள் இருக்கிற வீடு எண்டா இப்பிடித்தான் இருக்கும்," என்றார்.