தட்டைப் பிரித்தேன், பிளேடைப் பிரிக்கவில்லை

ரத்த வங்கி வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் நாத்தனார் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்திருந்தேன். திரும்ப ஒருதரம் வரச்சொல்லி போன் வந்தது. எனக்கு ஒரு நோவும் இல்லை.

உள்ளே கூப்பிட்ட நர்சம்மா கதவைச் சாத்தினார்.

ஹெபடைடிஸ் பி (கல்லீரலைப் பிடிக்கும் காமாலைக் கிருமி) என்றார். எலிசாவில் (கிருமியின் மேலுறை ரத்தத்தில் இருந்தால் நிறம் காட்டும் சோதனை) தெரிந்ததாம். ரத்தத்தால வரும், ஊசியால வரும், புருஷன் பொண்டாட்டி உறவால வரும் என்றார். கடைசிச் சொல்தான் காதில் நின்றது.

வெளியே வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ரத்தம் பத்தலையாம்."

அன்றைக்கே தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். கதவோரம் படுத்தேன். "இன்னாடி, புது மாமியார் மாதிரி தனித் தட்டு?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் உப்பளத்துக்குப் போனேன். உப்புத் தண்ணியில் நின்று நின்று குதிகால் தடித்து வெடிக்கும். கொட்டகைக் கீற்றில் எங்கள் எல்லாருக்குமாக ஒரு பிளேடு செருகியிருக்கும். உப்பு வாரி முடித்ததும் உட்கார்ந்து தடித்த தோலைச் சீவுவோம். அன்றைக்கும் சீவினேன். லேசாக ரத்தம் வந்தது. துடைத்து, பக்கத்தில் இருந்த செல்வியிடம் கொடுத்தேன். என் நினைப்பில் நோய் தட்டிலும் பாயிலும்தான் இருந்தது.

ரத்த வங்கியில் அனுப்பிய பெரிய ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரரும் கூட வந்தார்; உள்ளே நான் மட்டும் போனேன். பெரிய டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். வைரல் லோடு (கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது) பார்க்கணும் என்றார். ஊசி, பச்சை குத்துறது, பிளேடு யாரோடயாவது சேர்ந்து உண்டா என்று கேட்டார். செல்வி கையில் கொடுத்த பிளேடு கண்முன் வந்தது; தட்டைப் பிரித்து வைத்ததைச் சொன்னேன்.

"தட்டுல பரவாதும்மா. ரத்தத்துலதான் பரவும்."

பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எம்மேல சந்தேகமா?"

"யார் மேலயும் இல்லீங்க."

"அப்போ ராத்திரி என்கூட உக்காந்து சாப்டு."

அவருக்கும் மகளுக்கும் சோதனையில் ஒன்றும் இல்லை. தடுப்பூசி போட்டார்கள்.

கொட்டகையில் சொல்வதுதான் பாக்கி. காலையில், யாரும் பிளேடை எடுக்குமுன் சொன்னேன். செல்வி கேட்டாள்.

"ஏங்க்கா, ஒரு தலைவலின்னாகூட ஊருக்கே சொல்லுவ. இதை மட்டும் வயித்துல வச்சுக்கினு என் கையில பிளேடு குடுத்தியே?"

எல்லாரும் சோதனைக்குப் போனோம். செல்விக்கு இப்போது கிருமி இல்லை. ஆனால் ஆன்டிபாடி (எதிர்த்து நின்ற உடம்பு விட்டுவைக்கும் தடயம்) இருந்தது. எப்போதோ வந்து போயிருக்கிறது.

"அக்கா குடுத்ததா?" என்று என் எதிரிலேயே கேட்டாள்.

"வந்து போச்சுன்னு தெரியும். யாராலன்னு எந்தச் சோதனையும் சொல்லாதும்மா," என்றார் டாக்டர்.

பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். இன்னும் பழைய பேச்சு இல்லை.

உங்களுக்கும் இப்படிச் சொன்னால், எதால பரவும் என்று முழுசாகக் கேளுங்கள். நான் ஒரு சொல்லோடு நின்றுவிட்டேன்.

இப்போதைக்கு மருந்து வேண்டாமாம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் சோதனைக்கு ரத்தம் கொடுக்கணும். எங்களுக்கு வருஷம் என்றால் உப்பு விளையும் வெயில், வேலை இல்லாத மழை. எனக்கு இப்போது ஊசிதான் வருஷத்தைப் பிரிக்கிறது. உடம்பில் வலி இல்லை. ஆனால் கையில் ஒரு கீறல் விழுந்தால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். எரிச்சல் அப்புறம்தான் தெரிகிறது.